முகமூடிக்காரனின் மூச்சு

என் அப்பா ஒரு தொலைக்காட்சித் தொடரை ஐந்து மாதம் காதால் பார்த்தவர். சும்மா சொல்லவில்லை. ஓலைத்தொடுவாயில் எங்கள் வளவுக்கும் மாமாவின் வளவுக்கும் நடுவே ஒரு பனையோலை வேலி இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டு விறாந்தையில் ரீவி. இந்தப் பக்கம் அப்பாவின் கதிரை. சனிக்கிழமை பின்னேரம் ஆறரை ஆனதும் அப்பா கதிரையைத் தூக்கிக்கொண்டு வேலியோரம் போவார். கேட்டால், "காத்து வாங்கப் போறன்" என்பார். கடல் இருந்தது வீட்டின் மற்றப் பக்கத்தில். காற்றும் அங்கேயிருந்துதான் வரும். இதை நான் ஒருமுறை அவருக்குச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எனக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவரும் அவர்தான். அப்பாவும் அவரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போய், ஒரே பீடியை மாறி மாறி இழுத்தவர்கள். கோவில் திருநாளன்று எல்லாம் கெட்டது. புனிதரின் சுரூபம் தூக்குவதில் முன்பக்கத்து வலதுதோள் அப்பாவுடையது. அந்த வருசம் தனியாகக் கடலுக்குப் போன அப்பா, வலை சிக்கிக் கரைக்கு வரப் பிந்திவிட்டார். சுற்றுப்பிரகாரம் தொடங்கிவிட்டது, மாமா அந்த இடத்தில் தோள் கொடுத்து நின்றார். அப்பா ஓடிவந்து கேட்டபோது மாமா விடவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "நேரத்துக்கு வராத ஆளுக்குத் தோள் எதுக்கு?" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து மூன்று வருசம் பேச்சில்லை. பெண்கள் குனிந்து போய்வர வேலியில் ஒரு பொட்டு, சின்ன இடைவெளி, இருந்தது. அதையும் அப்பா ஓலை வைத்து அடைத்தார். அம்மாவும் மாமியும் கிணற்றடியில் சந்தித்து, தண்ணீர் அள்ளுகிற சாக்கில் மணிக்கணக்காகக் கதைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மூஞ்சியை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். ஆம்பிளைகளுக்கு ரோசம் வந்தால் பொம்பிளைகளுக்குத்தான் இரண்டு குடம் தண்ணீர் கூட.

அந்த ரீவி மாமியின் தம்பி சவுதியிலிருந்து கொண்டுவந்தது. கறுப்பு வெள்ளை. எங்கள் பக்கத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை, கார் பற்றறியில் ஓடும். வெள்ளிக்கிழமை பற்றறி பஸ்ஸில் மன்னாருக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு சனி காலை திரும்பி வரும். அவ்வளவும் அந்த ஒரு படத்துக்காக. வானவெளியில் அலைகிற ஒரு கப்பல், அதிலுள்ள ஆட்களின் கதை. அதன் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, கப்பல் படம் என்றுதான் சொல்வோம். பேச்சு இங்கிலீசு, கீழே ஓடுவது சிங்கள எழுத்து. மாமா சிலாபத்துக்குத் தொழிலுக்குப் போய் வந்தவர், சிங்களம் நன்றாகக் கதைப்பார், ஆனால் ஓர் எழுத்து வாசிக்க மாட்டார். எனக்குச் சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசுக்கு ஒரு எஸ், மட்டுமட்டான பாஸ். அதுவும் ரீச்சர் இரக்கப்பட்டுப் போட்டதோ தெரியாது. ஆகவே அந்தக் கப்பலில் யார் யார், ஏன் போகிறார்கள், யாரோடு யாருக்கு என்ன என்று எல்லாவற்றையும் நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கண்டுபிடித்தோம். ஆளுக்கொரு விதமாக.

அம்மாவுக்கு ஒரே யோசனைதான். "இவ்வளவு சனம் சாப்பிடுது, சமைக்கிறவனைக் காட்டேல்லை. அவன்தான் கள்ளன்." கடைசிவரை அதிலிருந்து அவ அசையவில்லை.

பெரிய சண்டை முகமூடிக்காரனைப் பற்றியது. கப்பலை ஓட்டுகிறவன் அவன். முகம் முழுக்க வெள்ளித் தகடு. வாய் திறந்து ஒரு சொல் பேசமாட்டான், கையைக் காட்டுவான், தலையை ஆட்டுவான். வேலியில் ஓர் ஓலையை விலக்கி நானும் அவனைப் பார்த்திருக்கிறேன். எனக்கு ரீவியின் இடதுபாதி மட்டும்தான் தெரியும், அவன் நல்லவேளையாக இடதுபக்கம்தான் இருப்பான். மாமாவின் முடிவு, அவன் மெசின். சாப்பிடுவதைக் காட்டவில்லை, நித்திரை கொள்வதைக் காட்டவில்லை, அடித்தாலும் நோகவில்லை. வேறென்ன? இதை மாமா தன் விறாந்தையிலிருந்து மாமிக்கு விளங்கப்படுத்துவார். மாமி பக்கத்தில்தான் இருப்பா. ஆனால் மாமாவின் குரல் மாமியைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எங்கள் குசினிவரை வரும்.

அப்பா பதில் சொல்வது கழுதைக்கு. மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? சொந்தக்காரன் இல்லாத கிழட்டுக் கழுதை ஒன்று எங்கள் வேலி நிழலில் வந்து நிற்கும். அப்பா அதன் முகத்தைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்வார். "டேய், மெசினுக்கு ஏனடா மூச்சு? மூச்சு விடுறான் அவன். கண்ணால பாக்கிறவனுக்கு அது எங்கை விளங்கப் போகுது?"

அப்பா காதால் தொழில் செய்தவர். துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்து, கீழே மீன் போகிறதா என்று கேட்பார். அந்தக் காதைத்தான் வேலியில் வைத்தார். கப்பல் தலைவன் இடதுகாலை அழுத்தி ஊன்றி நொண்டுகிறான் என்று சொன்னார். நான் ஓலையை விலக்கிப் பார்த்தேன், உண்மை. டாக்டர் பொம்பிளை கப்பலை விட்டுப் போகப்போகிறா என்றார், ஏனென்று கேட்டதற்கு, "குரல்லை சாமான் கட்டுற அவசரம் தெரியுது" என்றார். இரண்டு கிழமையில் அவ போய்விட்டா. அப்படிப்பட்ட காது, முகமூடிக்காரனைப் பற்றி ஒன்று சொன்னது. தலைவன் உள்ளே வருகிறபோதெல்லாம் முகமூடிக்காரனின் மூச்சு ஒருகணம் நின்று பிறகுதான் போகிறதாம். வேறு யார் வந்தாலும் அப்படி இல்லையாம்.

"அவங்கள் ரெண்டு பேரும் ஒரு வயித்திலை பிறந்தவங்கள்," என்றார் அப்பா கழுதையிடம். "ஏதோ கோபம். இவன் முகத்தை மூடிக்கொண்டு தமையனுக்குக் கப்பல் ஓட்டுறான். அவனுக்கு விளங்கேல்லை."

எனக்கு அப்பாவின் கதைதான் பிடித்திருந்தது. கழுதைக்கும் பிடித்திருக்கும், அது காதை ஆட்டிக்கொண்டு நின்றது.

இதற்கிடையில் எனக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை நறுவிலிக்குளம், பள்ளிக்கூட வாத்தியார். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம், அதில் கலியாணம் இல்லை என்பதால் உயிர்த்த ஞாயிறு கழித்து மூன்றாம் கிழமை என்று நாள் வைத்தார்கள். எல்லாம் நல்லது. ஆனால் எங்கள் ஊரில் நெருங்கிய சொந்தத்துக்குக் கடதாசி அனுப்பிக் கலியாணம் சொல்வதில்லை. பெண்ணின் தகப்பன் போய் வாசலில் நின்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். வரவும் கூடாது, வந்தால் மரியாதையில்லை. அப்பா பத்து அடி சுற்றி நடந்துபோய் அந்த வாசலில் நிற்கமாட்டார். அப்படியென்றால் என்னைக் கையில் ஏந்தி ஞானஸ்நானத் தொட்டிக்குமேல் பிடித்த மாமா என் கலியாணத்தில் இருக்கமாட்டார்.

நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் கிடந்து பார்த்தேன். அம்மா ஒருநாள் மட்டும், அரிசி புடைத்துக்கொண்டே சொன்னா: "என்ரை தம்பி இல்லாத கலியாணத்துக்கு நான் பட்டுச்சேலை உடுக்கமாட்டன். வீட்டுச் சேலையோடைதான் கோவிலுக்கு வருவன்." அப்பா எழும்பிக் கடற்கரைக்குப் போய்விட்டார்.

தபசு தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்திய சனிக்கிழமை கப்பல் படத்தில் தலைவன் முகமூடிக்காரனுக்கு முன்னால் வந்து நின்றான். தகட்டில் கையை வைத்தான். கழற்றப்போகிறான். அவ்வளவுதான், பாட்டுப் போட்டு முடித்துவிட்டார்கள். எனக்குக் கொதி வந்தது. மிச்சத்தை அடுத்த கிழமை பார்க்கலாம், ஆனால் அடுத்த கிழமை தபசு. எங்கள் ஊரில் தபசு காலத்தில் ரீவி போடுவதில்லை. கோவிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவார்கள், மாமி பார்த்துவிட்டு வந்து தன் ரீவியையும் ஊதாத் துணியால் மூடிவிடுவா. மாமா பனையில் ஏறி அன்ரெனாவைக் கடல் பக்கமாகத் திருப்பிவிடுவார், மனம் தடுமாறக்கூடாது என்று. ஆறு கிழமைக்குமேல் எங்களுக்கு அந்தக் கை அந்தத் தகட்டிலேயே நின்றது.

அன்று பின்னேரம்தான் அப்பா அதைச் சொன்னார். கழுதைக்குத்தான். "டேய், கேட்டுக்கொள். அவன் மெசின் எண்டு மட்டும் காட்டட்டும். நானே போய் அந்த வாசல்லை நிண்டு கலியாணம் சொல்லுவன். இது சத்தியம்."

வேலிக்கு அந்தப் பக்கம் ரீவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மாமாவின் குரல் வந்தது, மாமிக்குத்தான். "அவன் தமையனுக்குத் தம்பி எண்டு காட்டினா, ஆரும் சொல்லாமலே நான் அந்தக் கலியாணத்துக்குப் போவன். மரியாதை போனாலும் பரவாயில்லை. கேட்டுதோ?"

"எனக்குக் கேட்டுது," என்றா மாமி.

அம்மா குசினியில் நின்று சிலுவை போட்டுக்கொண்டா. எது நடந்தாலும் தம்பி வருவான். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோசப்பட்டேன். எவ்வளவு மடச்சி.

பெரிய வியாழன் காலையில் அடம்பன் ஐயா வந்தார். அப்பாவின் பழைய சிநேகிதர், வயல்காரர், சைவம். எங்கள் கருவாடு அவர் வீட்டுக்குப் போகும், அவர் நெல் எங்கள் வீட்டுக்கு வரும். கலியாணத்துக்கென்று இரண்டு மூட்டை அரிசியைப் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார். அப்பா கடலில், அம்மா கோவிலில். நான் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் வாயைத் துடைத்துவிட்டு, "பிள்ளை, கப்பல் படம் என்ன மாதிரிப் போகுது பாத்தனியோ?" என்றார்.

அவருடைய வீட்டிலும் ரீவி இருக்கிறது என்பதை நான் மறந்தே போனேன்.

"எங்களுக்குத் தபசு ஐயா. பாக்கிறேல்லை."

"ஓ, ஓம். நாங்கள் வெள்ளிக்கிழமை மரக்கறியோடை சரி. ரீவிக்கு விரதம் இல்லை. அப்ப நான் சொல்லக்கூடாது என்ன?"

கேட்பது பார்ப்பதாகுமா? சுவாமியாரிடம் ஓடிப்போய்க் கேட்க நேரமில்லை. என் தபசு நேர்த்தி கண்ணுக்கு மட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவுசெய்தேன். "ஒண்டு மட்டும் சொல்லுங்கோ ஐயா. முகமூடியைக் கழட்டினாங்களோ? மெசினோ, தம்பியோ?"

அவர் சிரித்தார். "ரெண்டும் இல்லைப் பிள்ளை. அது ஒரு பொம்பிளை."

"என்ன?"

"வயசு போன பொம்பிளை. மொட்டை அடிச்சிருக்கு. ஆரெண்டு இன்னும் தெரியேல்லை. ஏதோ சாபமாக்கும் எண்டு நான் நினைக்கிறன்."

ஒருவரும் வெல்லவில்லை. அப்பா போகத் தேவையில்லை, மாமா வரத் தேவையில்லை. ஒரு மொட்டைக் கிழவி, எங்கேயோ வானத்தில் கப்பல் ஓட்டுகிறவள், என் கலியாணத்தைக் கெடுத்துவிட்டாள். அடம்பன் ஐயாவிடம், தயவுசெய்து அப்பாவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினேன். "நான் ஏன் சொல்லுறன், நான் அரிசி குடுக்க வந்தனான்," என்று அவர் அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

பெரிய வெள்ளி முழுவதும் நான் கோவிலில் முழந்தாளில் நின்று பொய்யைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வதா விடுவதா என்பதல்ல பிரச்சினை, அது எப்போதோ முடிவாகிவிட்டது. எந்தப் பொய் என்பதுதான். மெசின் என்றால் அப்பா தோற்பார். தம்பி என்றால் மாமா தோற்பார். மாமாவைத் தோற்கடிப்பது சுகம், எனக்கு அப்பாவின் கதைதானே பிடிக்கும். ஆனால் மாமா அழைப்பில்லாமல் வந்து கோவில் கடைசி வாங்கில் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஊர்ச்சனம் திரும்பித் திரும்பிப் பார்க்கும். மாமி தலையைக் குனிந்துகொண்டு இருப்பா. அது எனக்கு வேண்டாம். உயிர்த்த ஞாயிறு கழித்து வருகிற சனிக்கிழமை ரீவி போட்டதும் எப்படியும் பிடிபடுவேன். அதற்குள் அப்பா ஒருமுறை அந்த வாசலில் நின்றுவிட்டால், நின்றது நின்றதுதான்.

சனிக்கிழமை காலை பாவசங்கீர்த்தனம் செய்தேன். செய்து முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பொய்யைச் சொன்னேன். முதலே சொல்லியிருந்தால் அதையும் சுவாமியாரிடம் சொல்லவேண்டி வந்திருக்கும்.

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "அப்பா, அடம்பன் ஐயா சொன்னவர். முகமூடியைக் கழட்டினவங்களாம். மெசின்தானாம்."

அப்பாவின் கை நின்றது. கோபிப்பார் என்று நினைத்தேன். நேர்த்தியை முறித்துவிட்டாய் என்று ஏசுவார் என்று நினைத்தேன். அவர் வலையைப் பார்த்துக்கொண்டே, "அப்ப மூச்சு?" என்றார்.

"உள்ளுக்கை காத்தாடி ஒண்டு சுத்துதாம்."

"தலைவன் வந்தா நிக்குமே?"

"கரண்ட் குறையுமாக்கும்."

"அப்பிடியோ," என்றார். பிறகு ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு, "நான் மனிசன் எண்டு நினைச்சுப்போட்டன்," என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அந்த நேரம் எனக்கு வந்த அழுகையை இப்போதும் மறக்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்து, இல்லை அப்பா, மனிசர்தான், உங்கள் காதுதான் சரி என்று சொல்ல வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா வெள்ளைச் சாரம் மாற்றி உடுத்தார். அம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் ஒழுங்கையால் சுற்றி நடந்தார்கள், நான் பின்னால் போனேன். மாமா படலையைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். அப்பா படலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னார்:

"மச்சான், பிள்ளைக்கு மூண்டாம் கிழமை கலியாணம். நீங்கள் குடும்பமா வந்து நிண்டு நடத்தித் தரவேணும்." பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீ சொன்னதுதான் சரி. மெசின்தானாம்," என்றார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மாமி ஏனோ நிலத்தைப் பார்த்தா.

"ஓம் அத்தான்," என்றார் மாமா. "மெசின்தான். உள்ளுக்கு வாங்கோ."

அம்மா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு விட்டாவே ஓர் அழுகை. மூன்று வருசத்து அழுகை. நானும் சேர்ந்து அழுதேன். ஆனால் எனக்குப் பாதி அழுகை சனிக்கிழமையை நினைத்து.

சனிக்கிழமை வந்தது. மாமா வீட்டு விறாந்தையில் எல்லோரும் ரீவிக்கு முன்னால். அப்பா முதல்முறையாகக் கப்பல் படத்தைக் கண்ணால் பார்க்க உட்கார்ந்திருந்தார், குளித்து, தலை சீவி. நான் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போனால் கலியாணத்துக்கு மாமா இல்லை. சொன்ன அழைப்பையும் திருப்பி எடுத்துவிட்டுப் போகிற ஆள் அவர்.

படம் தொடங்கியது. கப்பலை ஓட்டுகிற இடத்தில் மொட்டைத் தலையோடு ஒரு கிழவி. பக்கத்தில் மேசைமேல் வெள்ளித் தகடு.

அப்பா முன்னால் குனிந்தார். கண்ணை மூடினார். காதால் கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, "இது அந்த மூச்சுத்தான்," என்றார். "மெசின் இல்லை. மனிசி."

அம்மா திடுக்கிட்டு அப்பாவைப் பார்த்தா. மாமா மட்டும் திடுக்கிடாமல் ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "இவர் தபசிலை களவாப் பாத்தவர் அத்தான். அன்ரெனாவை நேர திருப்பி, துணியைத் தூக்கி, உங்களுக்குக் கேட்டுப்போடும் எண்டு சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு. நான் சொல்லச் சொல்லக் கேக்கேல்லை. அந்தக் கிழவியை இவருக்கு மாசிக் கடைசியிலேயே தெரியும்."

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "நீயுமோ?"

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அப்பா மாமாவிடம் திரும்பினார். "அப்ப நீ தெரிஞ்சுகொண்டுதான் மெசின் எண்டனீ? நான் வந்து உன்னட்டைத் தோத்துப்போனன் எண்டு நிக்கேக்கை?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்கள் என்ரை வாசல்லை நிண்டனீங்கள் அத்தான்," என்றார். "நான் வேறை என்னத்தைச் சொல்ல?"

அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தா. நான் அப்பாவின் முழங்காலையே பார்த்தேன், எழும்புகிறாரா என்று. ரீவியில் தலைவன் உள்ளே வந்தான், இடதுகாலை ஊன்றிக்கொண்டு. கிழவி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அப்பா அதையே கனநேரம் பார்த்தார். பிறகு, ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:

"மச்சான், இவ அவனுக்கு ஆரெண்டு நீ நினைக்கிறாய்?"

மாமா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டார்.